நன்றியுரை ஆகாத விழா

புங்கங்குளம் மில் காலனியில் அந்த வருடம் இளவேனில் கலைவிழாவுக்கு நோட்டீஸ் எழுத உட்கார்ந்தபோது, முன்னிலை என்ற வரிசையில் முதல் பெயர் யாருடையது என்பதில் மூன்று பேருக்குள் பேச்சு முற்றி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட, ரேஷன் கடைக்காரர் தன் வீட்டிலிருந்து மேடைக்குக் கரண்டு தர முடியாது என்று சொல்லிவிட, லாரி வைத்திருந்த மூன்றாமவர் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வர, கலை மன்றத்தின் செயலாளர் நயினார் யாருக்கும் மனம் நோகாத ஒரு வழியைக் கண்டுபிடித்தார். போன ஆடியில் செத்துப்போன மன்றத் தலைவர் சிவனணைந்தபெருமாளின் பெயரை, போன வருடம் இருந்தபடியே முதலில் விட்டுவிடுவது என்பதுதான் அது.

"இருந்தவுக இருந்த எடத்துலயே இருக்கட்டும்" என்றார் நயினார். மூன்று பேரும் யோசித்துத் தலையாட்டினார்கள். செத்தவரோடு முன்னுக்குப் பின் என்று யாரும் வழக்காட முடியாது. பெயருக்கு முன்னால் அமரர் என்று போடலாமா என ஒருவர் கேட்டதற்கு, விழா நோட்டீசில் அப்படி ஒரு வார்த்தை மங்கலமாக இருக்காது என்று அதையும் விட்டார்கள். அவருடைய பெண்சாதியை மறந்துவிட்டதாக இருக்கக் கூடாதென்று கடைசிக்கு முந்தின வரியில் 'நன்றியுரை: திருமதி கோசலை சிவனணைந்தபெருமாள்' என்றும், கடைசி வரியில் எப்போதும்போல 'நாட்டுப்பண்' என்றும் போட்டு, ரோஸ் நிறத் தாளில் ஐந்நூறு அடித்து, புங்க மரங்கள் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்த பங்குனிக் கடைசியில் வீடு வீடாகக் கொடுத்தார்கள்.

மில் கேன்டீனில் வேலை முடிந்து வந்த கோசலை, கதவிடுக்கில் செருகியிருந்த நோட்டீஸை எடுத்துப் பார்த்து, முதல் பெயரைப் படித்ததும் அதை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். பிறகு எடுத்து அடுப்பில் போட்டாள். ஐந்நூறில் ஒன்று குறைந்தது. நானூற்றுத் தொண்ணூற்றொன்பது வீடுகளில் அந்தப் பெயர் இருந்தது.

சிவனணைந்தபெருமாளைக் காலனியில் எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். கோலாட்டக் குச்சியிலிருந்து மேடைப் படுதா வரை முன்னின்று வாங்கித் தந்தவர். கலையில் அவருக்கு இருந்த பிரியத்துக்கு இன்னொரு சாட்சியாக அவர் வீட்டு ரேடியோவைச் சொல்வார்கள். சில சாயங்காலங்களில் அது திடீரென்று தெருக்கோடி வரை கேட்கும்படி பாடும். அப்போது வீட்டுக்குள் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதைக் கோசலையும், அடுக்களை மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவள் மகள் அல்லியும் மட்டும் அறிவார்கள் என்று கோசலை நினைத்திருந்தாள். அவர் மில் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து எட்டு மாதமாயிற்று. எட்டு மாதமாக அந்த வீட்டில் ரேடியோ பாடவில்லை. பதினொரு வயது அல்லி, சாப்பிடும்போது பேச ஆரம்பித்திருந்தாள்.

விழா அன்று ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு, வெயில் சாய்ந்து, இலவம் பஞ்சு காய் வெடித்துக் காற்றில் அலைந்துகொண்டிருந்த நேரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் குளத்தங்கரை வழியாக அண்ணாச்சி நடந்து வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் நான்காக மடித்த ரோஸ் நிற நோட்டீஸ். பந்தல் வாசலில் நின்ற நயினார், வருகிறவர் யார் என்று மனதில் பதிவதற்கு முன்பே, இருபது வருடப் பழக்கத்தில், "வாங்க அண்ணாச்சி, வாங்க, ஒங்களுக்காகத்தான் ஆரம்பிக்காம இருக்கோம்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல வழியில்லை. அழைத்தது அவர்கள், அச்சடித்த தாள் வந்தவர் கையில் இருந்தது. மேடையில் முதல் நாற்காலியில் துண்டை விரித்தார்கள்.

மாலை போடுவதில்தான் கொஞ்சம் தயக்கம் வந்தது. கடைசியாக அவருக்கு மாலை போட்டது எந்த நிலையில் என்று எல்லோருக்கும் நினைவிருந்ததால், பொன்னாடையோடு நிறுத்திக்கொள்வது என்று மேடைக்குப் பின்னால் முடிவானது. அவர் குறைபட்டுக்கொள்ளவில்லை. குடிக்க வைத்த சோடாவைத் தொடவில்லை. பஞ்சு எல்லோர் தலையிலும் மடியிலும் வந்து ஒட்டியது, அவர்மீது மட்டும் ஒட்டாமல் அரை அடி தள்ளி விலகிப் போயிற்று.

பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்த கோசலை, மேடையைப் பார்க்காமல் தன் மடியில் விழுந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். கும்மிக்கு வேஷம் கட்டியிருந்த அல்லி, ஆடி முடித்து வந்து, அம்மாவின் முந்தானைக்குள் கையை விட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்றிருந்தது.

சிறுவர் சிலம்பம் முடிந்து, பேச்சுப் போட்டி முடிந்து, பரிசு வழங்கி ஆனது. எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும் என்று நயினார் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"நன்றியுரை ஆகலையே நயினார்" என்றார் அண்ணாச்சி. மைக் அவர் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "அது ஆயிட்டா நான் பாட்டுக்கு எந்திரிச்சிருவேன்." பிறகு கோசலையைப் பார்த்து, வீட்டுக்குள் பேசுகிற தணிந்த குரலில் சொன்னார். "ரெண்டு வார்த்தை சொல்லு. வீட்டுக்குப் போவோம்."

கோசலை எப்படி மேடை ஏறினாள் என்பது அவளுக்கே தெரியாது. மைக் முன்னால் நின்றாள். கீழே எல்லா முகங்களும் அவளைப் பார்த்தன. "எனக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்றாள். "நாளைக்குச் சொல்லுதேன்."

கூட்டம் சலசலத்தது. நாளைக்கு நிகழ்ச்சி ஒன்றும் இல்லையே என்று நயினார் வாயெடுத்தபோது, பெண்கள் பக்கத்தின் பின்வரிசையிலிருந்து பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் எழுந்தாள்.

"ஏன் இல்ல? நாளைக்கு எங்க தெருக் கோலாட்டம் இருக்குல்லா."

"அப்படி ஒண்ணு நோட்டீஸ்ல இல்லியே மதினி."

"நோட்டீஸ்ல இல்லாட்டா ஆடக் கூடாதா? ஒங்க பேரை மைக்குல சொல்லி ஆடுதோம், போதுமா?"

ஆண்கள் சிரித்தார்கள். நயினார் அண்ணாச்சியைப் பார்த்தார். "கலை வளந்தாச் சரி" என்றார் அண்ணாச்சி. மேடையில், விரித்த துண்டின்மேல், அன்று இரவு அவர் உட்கார்ந்தபடியே இருந்தார்.

இப்படித்தான் ஒருநாள் விழா இரண்டு நாளானது. கோலாட்டத்துக்கு மறுநாள் மேலத்தெருக்காரர்கள் தங்கள் தெருவுக்கு மட்டும் இடமில்லையா என்று கேட்டு ஒயிலாட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கு மறுநாள் தேவாலயத்துப் பிள்ளைகள் பாடின. கோலப் போட்டி, பானை உடைத்தல், மெதுவாக சைக்கிள் ஓட்டுதல், சமையலில் சிறந்தவர் ஆணா பெண்ணா என்று பட்டிமன்றம், அதற்கு வந்த தீர்ப்பை ஒத்துக்கொள்ளாதவர்கள் நடத்திய மறு பட்டிமன்றம் என்று விழா பங்குனியைத் தாண்டிச் சித்திரைக்குள் போயிற்று. காலனியும் அதற்கேற்ப வளைந்துகொண்டது. மில் ஷிப்டை அரை மணி முன்னால் மாற்றினார்கள். தண்ணீர் பிடிக்கும் நேரம் மாறியது. பள்ளிக்கூடத்துப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மேடைக்கு எதிரே உட்கார்ந்து படித்தன. அண்ணாச்சி முன்னால் சத்தம் போட்டால் வசவு விழும் என்ற பழைய பயம் இருந்ததால் ஒழுங்காகவே படித்தன. பகலில் வெயில் அவர்மேல் விழாதிருக்க நயினார் ஒரு குடையைக் கட்டிவைத்தார். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் மாட்டுவண்டியிலும் டெம்போவிலும் வந்து கைகூப்பிவிட்டுப் போனார்கள். எல்லைத் தகராறு உள்ள ஒருவர், பழைய கல் எந்த இடத்தில் இருந்தது என்று சாட்சி சொல்லக் கேட்டார். தாயைப் பறிகொடுத்த ஒருத்தி, அங்கே எங்கம்மாவைப் பார்த்தீர்களா என்று கேட்டு அழுதாள். இருவருக்கும் அண்ணாச்சி ஒரே பதிலைத்தான் சொன்னார். "நிகழ்ச்சிக்கு மட்டுந்தான் வந்திருக்கேன்." புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி காலில் விழப் போய், பாதி குனிந்ததும் யோசித்து, நின்றபடியே கும்பிட்டுவிட்டுத் திரும்பியது. மற்றபடி யாரும் அவரைக் கண்டு பயப்படவில்லை. பயம் முழுவதும் கோசலை பங்குக்கு வந்திருந்தது.

தினமும் நிகழ்ச்சி முடிந்ததும் அவர் அவள் பக்கம் திரும்புவார். "இன்னைக்கா?" என்பார். அவள் தலை குனிந்துகொண்டு, தொண்டை இன்னும் சரியாகவில்லை என்பாள். "சரி. எங்க போயிறப் போறோம்" என்பார்.

எட்டாம் நாள், பாட்டுப் போட்டியில் ஜெயித்த அல்லிக்கு அவர் கையால் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார். டம்ளரைக் கொடுத்த கை அவள் உச்சந்தலையில் போய் நின்றது. "வளந்துட்டியே" என்றார். அல்லி வீட்டுக்கு வந்து வாளியில் தண்ணீர் எடுத்துத் தலைக்கு ஊற்றினாள். துவட்டாமல் மறுபடி ஊற்றினாள். மூன்றாவது முறை கோசலை செம்பைப் பிடுங்கினாள். அதன்பிறகு டம்ளரை இருவரும் தொடவில்லை; அது வாசற்படியில் கிடந்து, மறுநாள் பேச்சியம்மாள் எடுத்துக்கொண்டு போய்த் தன் ஆட்டுக்குப் புண்ணாக்குக் கரைக்க வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் கோசலை கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கி மாட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம், வில்லுப்பாட்டுக்கும் கோமாளி ஆட்டத்துக்கும் நடுவில், மேடையிலிருந்து குனிந்து அவர் கேட்டார். "கதவுக்குப் புதுப் பூட்டாமே. சாவி ஒண்ணு எனக்கு எடுத்து வையி."

அன்றிலிருந்து அவள் தூக்கம் போயிற்று. கேன்டீனில் கொதிக்கிற சாம்பாரில் கரண்டியை விட்டவள் அப்படியே நின்றுகொண்டிருப்பாள். ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று ஒருநாள் அல்லியை அழைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனாள். ஆனால் நோட்டீஸில் பெயர் உள்ளவர்கள் எல்லோருக்கும் அந்த நாட்களில் நடந்தது அவளுக்கும் நடந்தது. பஸ் அரசமரத்து வளைவைத் தாண்டி, மில் சுவரைச் சுற்றி, விழா நடக்கிற பொட்டலுக்கு எதிரே கொண்டுவந்து அவளை இறக்கிவிட்டது. மதுரைக்கு மகன் வீட்டுக்குப் புறப்பட்ட தலைமையாசிரியருக்கும் இதே கதைதான். கண்டக்டர் டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "விழா முடியலையாக்கும்" என்றான், ரோட்டில் பாலம் வேலை நடப்பதைச் சொல்வதுபோல.

அலுத்துப்போன தலைமையாசிரியர், இருபதாம் நாள், யாரையும் கேட்காமல் மேடையேறிக் கால் மணி நேரம் அருமையான நன்றியுரை ஒன்றை ஆற்றினார். அண்ணாச்சி கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். "நல்லாருந்துச்சு சார்" என்றார். "ஆனா நோட்டீஸ்ல நன்றியுரைக்கு ஒங்க பேரா இருக்கு?"

சித்திரை பாதியில் கலைகள் தீர்ந்துபோயின. ஆடத் தெரிந்தவர்கள் ஆடி முடித்து, பாடத் தெரிந்தவர்கள் தொண்டை கட்டி, ஒன்றும் தெரியாதவர்கள் மேடையேறும் காலம் வந்தது. இஸ்திரிக்காரர் ஒரு சட்டையை எட்டு மடிப்பில் தேய்த்துக் காட்டினார். தபால்காரர் காலனியின் எல்லா முகவரிகளையும் பார்க்காமல் சொன்னார். மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்துக் காது மந்தமான ஆறு பேர், வரிசையாக நின்று, பழைய தறிகள் ஓடும் சத்தத்தை வாயாலேயே எழுப்பினார்கள். அது தொடங்கி, ஒன்றோடொன்று பின்னி, உயர்ந்து, ஷிப்டு முடிகிற சங்கோடு நின்றபோது பொட்டலில் ஒருவரும் கைதட்ட மறந்திருந்தார்கள். ஆண்களுக்குச் சலிப்பு வந்துவிட்டது. பெண்கள் மட்டும் சலிக்காமல் நாளைக்கு நான், நாளை மறுநாள் என் நாத்தனார் என்று நயினாரிடம் பெயர் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பூத்தொடுக்கும் வேகம், முறம் புடைக்கும் தாளம், தூளியாட்டும் பாட்டு. நயினாருக்கு அது கலை ஆர்வமாகப் பட்டது.

ஒருநாள் காலை குழாயடியில் கோசலை பேச்சியம்மாளைக் கேட்டாள்.

"எதுக்கு மதினி தெனம் ஏறி ஆடுதீக? கால் வீங்கிப் போயிருக்கு."

பேச்சியம்மாள் குடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிரம்பி வழிந்தது, குழாயை மூடவில்லை.

"ஒங்க வீட்டு ரேடியோ சத்தம் கூடும்போதெல்லாம் நாங்க எங்க வீட்டுச் சன்னலைச் சாத்திருவோம்" என்றாள். "தெருவுல எல்லா வீட்டுலயுந்தான். பாட்டுப் பிடிக்காமச் சாத்தலை."

கோசலை குனிந்து குழாயை மூடினாள்.

"பத்து வருசம் சாத்தியிருக்கோம்" என்றாள் பேச்சியம்மாள். "ஆடாம என்ன செய்ய."

நாற்பத்திரண்டாம் நாள் மில்லிலிருந்து ஆள் வந்தது. பொட்டலில் பஞ்சு மூட்டை இறக்க வேண்டும், பந்தலைப் பிரியுங்கள் என்றார்கள். மைக்செட் சேவியர், தன் நாற்காலிகளுக்கும் குழாய் ஸ்பீக்கர்களுக்கும் வைகாசி முகூர்த்தத்துக்கு ஆள் வந்து நிற்பதாகச் சொன்னார். கமிட்டி கூடியது. நாளை ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு நிறைவு விழா, அதோடு சரி என்று முடிவாகி, நயினார் கோசலை வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டே வார்த்தை மதினி. எழுதியே கொண்டாந்திருக்கேன். வாசிச்சாப் போதும்."

"வாசிச்சா அவுக எந்திரிச்சு வந்துருவாக அண்ணே."

"வரட்டுமே. அவுக வீடுதான்" என்றார் நயினார், ஆறுதல் சொல்கிற குரலில். அவர் வீடு காலனியின் மறுகோடியில் இருந்தது. ரேடியோ அங்கே கேட்காது.

மறுநாள் வெயில் இறங்காத நான்கு மணிக்கே பொட்டல் நிரம்பிவிட்டது. முடிகிறதைப் பார்க்க எல்லோரும் வந்திருந்தார்கள். நாட்டுப்பண் பாட மூன்று சிறுமிகள் மேடை ஓரத்தில் நின்றார்கள், அல்லி நடுவில். அண்ணாச்சி சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார், வெளியே கிளம்புகிறவர்போல. கோசலை கையில் நயினாரின் சீட்டு இருந்தது. முதல் வரி: மேடையில் வீற்றிருக்கும் நம் தலைவர் அண்ணாச்சி. அதைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். வேறு வழி எதுவும் அவள் மனதில் அப்போது இல்லை. ஆனால் அந்தப் பெயர் வரவில்லை. கண் சீட்டிலிருந்து நழுவி, மேடைக்குக் கீழே ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்மேல் விழுந்தது.

"முதல்ல, மைக்செட் சேவியர் அண்ணனுக்கு நன்றி" என்றாள்.

சிரிப்பு எழுந்தது. சேவியர் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருடமாக அந்த மைக்கில் எல்லோர் பெயரும் ஒலித்திருக்கிறது, அவர் பெயர் ஒலித்ததில்லை. ஒயரைக் கீழே வைத்து, எழுந்து, கைகளைக் கூப்பினார்.

"பொட்டலைத் தெனமும் பெருக்குன மாரியக்காவுக்கு நன்றி." மாரி துடைப்பத்தோடு எழுந்து கும்பிட்டாள். "சுக்குக்காப்பி போட்ட பிச்சைக்கனி அண்ணனுக்கு நன்றி. கால் வீங்கியும் ஆடுன பேச்சி மதினிக்கு நன்றி." பேர் சொல்லச் சொல்ல அவர்கள் எழுந்தார்கள். அப்போதுதான் கோசலை ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள். அண்ணாச்சி நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பை முன்னால் சாய்த்து, பாதி எழுந்த கோலத்தில் நின்றுபோயிருந்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. நாற்பத்துமூன்று நாளாக அவர் காத்திருந்தது அவளுக்காக அல்ல, அவள் வாயிலிருந்து வரவேண்டிய தன் பெயருக்காக என்பது அவளுக்கு உறைத்தது. உறைத்ததும் பயம் இன்னும் பெரிதாகியது, ஏனென்றால் இப்போது எல்லாம் அவள் நாக்கில் இருந்தது.

அவள் நிறுத்தாமல் சொன்னாள். இஸ்திரிக்காரர், தபால்காரர், தறிக்காரர்கள் ஆறு பேர், தெருத் தெருவாக, வீடு வீடாக. தலைமையாசிரியர், ரேஷன் கடைக்காரர், லாரிக்காரர். நயினார் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்: அண்ணாச்சி பெயர் விடுபட்டுவிட்டது. "செயலாளர் நயினார் அண்ணனுக்கும் நன்றி" என்றாள். அவர் கூச்சத்தோடு எழுந்து கும்பிட்டார். பொட்டலில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். கரண்டு கம்பத்துக்கு நன்றி சொன்னாள். புங்க மரத்துக்கு, பேச்சியம்மாளின் ஆட்டுக்கு, சாயங்காலக் காற்றுக்கு நன்றி சொன்னாள். பிறகு சொல்வதற்குப் பெயர் ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்தக் காலனியில் எல்லா நன்றியுரையும் ஒரே மாதிரித்தான் முடியும். பெயர் விடுபட்டுப்போன அனைவருக்கும் நன்றி என்று சொல்லாமல் எவரும் மைக்கை விட்டதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டுக் கேட்டு, பள்ளத்துக்குத் தண்ணீர் போவதுபோல நாக்கு தானாக அங்கே போகும். அதைச் சொன்னால் அவருக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். சொல்லாமல் எப்படி முடிப்பது என்று கோசலைக்குத் தெரியவில்லை, யாருக்கும் தெரியாது. ஸ்பீக்கரில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"சொல்லு" என்றார் அண்ணாச்சி, மெதுவாக. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவதற்கு முன்னால் அவர் பேசுகிற குரல்.

அந்தக் குரலுக்கு அவள் உடம்பு பத்து வருடம் பழகியிருந்தது. வாய் தன்னால் திறந்தது. "பெயர்" என்றாள். ஸ்பீக்கர் நாலு பக்கமும் அதைச் சொன்னது. "பெயர் விடுபட்டு..."

மேடை ஓரத்திலிருந்து அல்லி நாட்டுப்பண்ணைத் தொடங்கினாள். யாரும் கூப்பிடவில்லை, மைக் இல்லை, சுருதி ரொம்ப மேலே போயிருந்தது. முதல் வரி கிட்டத்தட்டக் கத்தலாகவே வந்தது. பக்கத்திலிருந்த இரண்டு சிறுமிகளும் அவளைத் திகைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். பொட்டலில் கூப்பிய கைகள் இறங்கி உடம்போடு ஒட்டின. கோசலை வாயை மூடிக்கொண்டு நேராக நின்றாள். அந்தப் பாட்டு நடுவில் பேசக் கூடாது என்று அவளுக்கும் அதே பள்ளிக்கூடத்தில்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அல்லி கண்ணை இறுக மூடி, இரண்டு கையையும் முஷ்டியாக்கிப் பாடினாள். நாற்காலி கிறீச்சிட்டது. மறுபடி கிறீச்சிட்டது. ஊர் முழுக்க எழுந்து நிற்க, அண்ணாச்சி ஒருவர் மட்டும் எழ முடியாமல் திரும்ப நாற்காலியில் அமிழ்ந்திருந்தார்.

பாட்டு முடிந்தது. காலனியில் நாட்டுப்பண்ணுக்குப் பிறகு எதுவும் நடந்ததில்லை. எனவே எல்லோரும் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, போகிறபோக்கில் மேடைப் பக்கம் திரும்பாமல் போனார்கள்.

கோசலை அல்லியின் கையைப் பிடித்துப் படியிறங்கினாள். ஓடக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"நயினார், எம் பேரு வரலையே."

"நாட்டுப்பண் ஆயிருச்சே அண்ணாச்சி" என்றார் நயினார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இனி என்ன செய்ய? அடுத்த வருசம் மறக்காமப் பாத்துக்கிடுதேன்."

வீட்டு வாசலில் சாவி பூட்டுக்குள் போக மறுத்தது. அல்லி சாவியை வாங்கித் திறந்தாள். உள்ளே போய்த் தாழ் போட்டு, தரையில் உட்கார்ந்து, இருவரும் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்கள். சன்னல் வழியாக இன்னும் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. பொட்டலில் சேவியர் தன் இரும்பு நாற்காலிகளை மடக்கி அடுக்கும் சத்தம் கேட்டது. டப். டப். டப்.

"சேவியர் மாமாட்ட எத்தனை நாற்காலிம்மா?" என்று அல்லி கேட்டாள்.

"எரநூறு."

அல்லி விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது. கோசலையும் தன் மனதுக்குள் எண்ணினாள். ஐம்பதாவதில் சேவியர் பீடி பற்றவைக்க நின்றபோது இருவரும் மூச்சை நிறுத்தினார்கள். பிறகு தொடர்ந்தது. நூறு. நூற்றைம்பது. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

"நூத்தித் தொண்ணூத்தொம்போது" என்றாள் அல்லி.

சத்தம் நின்றது. வண்டியின் பின்கதவை யாரோ சாத்தினார்கள். வண்டி கிளம்பவில்லை. அவர் எழுந்தால்தான் வரக்கூடிய அந்த இருநூறாவது சத்தம் வந்துவிடக் கூடாதே என்று இருவரும் கதவோடு முதுகை இன்னும் அழுத்திக்கொண்டு காதைத் தீட்டியபடி உட்கார்ந்திருந்தார்கள்.